இலை உதிர்ந்த காட்டில் மரம் பார்த்தல்

பிப்ரவரி 8

காடு மொட்டையாக நிற்கிறது. மரங்களைப் பெயர் சொல்லக் கற்றுக்கொள்ள விரும்புகிறவர்கள் பெரும்பாலும் மழை முடிந்து எல்லாம் தழைத்த பிறகுதான் கிளம்புகிறார்கள். என்னைக் கேட்டால் இந்த மாதத்தில் தொடங்கச் சொல்வேன். பட்டை, கிளை பிரியும் விதம், தொங்கும் நெற்று எல்லாம் மறைப்பில்லாமல் தெரியும்.

வெட்பாலையும் குடசப்பாலையும் இன்று அருகருகே கிடைத்தன. இலையோடு இருக்கும்போது இவற்றைப் பிரிப்பது சிரமம். இரண்டுக்கும் எதிரெதிர் இலை, கிள்ளினால் இரண்டிலும் பால். மருந்துக்குப் பட்டை வாங்கும் இடத்தில் ஒன்றுக்குப் பதில் மற்றது வந்து சேர்வது பழைய சிக்கல். காய் இருந்தால் பேச்சே இல்லை. இரண்டிலும் காய்கள் இரட்டையாகவே வரும். வெட்பாலையில் அந்த இரட்டை நுனியில் ஒட்டிக்கொண்டு, தொங்கவிட்ட இடுக்கிபோல் இருக்கும். முற்றிய பிறகுதான் பிரியும். குடசப்பாலையில் முதலிலிருந்தே தனித்தனி.

ஓடைச் சரிவில் ஒரு பெரிய மரம். வழுவழுப்பான சாம்பல் பட்டை, லேசாகப் பளபளக்கிறது. அடிமரத்திலும் இளங்கிளையிலும் முள் இல்லை, அதனால் இலவு இல்லை. இலை விழுந்த தழும்புகள் கிளை நுனியில் மட்டும் நெருக்கமாக. நோட்டில் இவ்வளவும் எழுதி, பெயருக்கு இடம் விட்டிருக்கிறேன். இதற்கு மேல் இன்று ஊகிக்க வேண்டியதில்லை.

மார்ச் 3

மருத மரங்களுக்கு ஒரு முழுக் காலைப் பொழுது. நீர்மருதை ஆற்றோரத்தில் தேடினால் போதும், நிற்கும் இடமே பாதி சொல்லிவிடும். பட்டை வெளிறி, மழமழவென்று, தகடு தகடாக உரியும். கருமருதின் பட்டை கறுத்து, கட்டம் கட்டமாக ஆழ வெடித்திருக்கும். பெரிய மரங்களில் தூரத்திலிருந்தே தெரியும் வித்தியாசம் இது. இளமரத்தில் பட்டை இன்னும் வெடித்திருக்காதே, அப்போது என்ன செய்வது?

கீழே குனிய வேண்டியதுதான். இரண்டின் காய்க்கும் ஐந்து சிறகு. ஒரு சிறகை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து அதில் ஓடும் மெல்லிய கோடுகளைப் பார்க்க வேண்டும். கருமருதில் அவை நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகக் குறுக்கே போகும். நீர்மருதில் மேல்நோக்கி நன்றாக வளையும். கைவிரல் நீளம்கூட இல்லாத காய்ந்த காயில் இவ்வளவு தெளிவான அடையாளம் இருப்பது ஒவ்வொரு முறையும் எனக்குச் சந்தோஷம் தருகிறது. லென்ஸ்கூட வேண்டாம்.

மார்ச் 19

ஓடைச் சரிவு மரம் இன்று தானாகவே பெயர் சொல்லிவிட்டது. காற்று அடிக்க, உச்சியிலிருந்து காய்கள் சுழன்று சுழன்று இறங்கின. உருண்டையான சிறு கொட்டை, அதன் தலையில் நீளமான இரண்டு சிறகுகள். தணக்கு. பூவின் இதழ்களில் இரண்டு மட்டும் வளர்ந்து நீண்டு சிறகாகின்றன. மழைக்காடுகளில் வேறு குடும்பத்து மரங்களிலும் இரட்டைச் சிறகுக் காய் உண்டு என்பதால், காயை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. வறண்ட சரிவு, பளபளக்கும் சாம்பல் பட்டை, நுனித் தழும்புகள், இரட்டைச் சிறகு என்று நான்கும் ஒரே திசையைக் காட்டுகின்றன. கட்டுமரத்துக்கு ஏற்ற, எடை குறைந்த கட்டை இதனுடையது.

ஏப்ரல் 27

துளிர் வரத் தொடங்கிவிட்டது. வேங்கையும் தோதகத்தியும் இந்தச் சமயத்தில் ஒன்றுபோலவே தோன்றும். இரண்டிலும் கூட்டிலை, அதாவது ஒரே இலை பல சிற்றிலைகளாகப் பிரிந்திருக்கும். சிற்றிலைகள் காம்பில் நேருக்கு நேராக இல்லாமல் மாறி மாறி. போன பருவத்து நெற்று அடியில் கிடந்தால் எடுத்துப் பாருங்கள். வேங்கைக்கு வட்டமான சிறகு, நடுவில் விதை. தோதகத்திக்கு நீண்ட தட்டை நெற்று. வேங்கைப் பட்டையில் பழைய காயம் இருந்தால் சிவந்த பிசின் வழிந்து உறைந்திருக்கும். அதைப் பார்ப்பதற்காகப் புதிதாக வெட்டிப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம். செம்மரமும் வேங்கைக்கு நெருங்கிய உறவுதான். அதில் பெரும்பாலும் மூன்று சிற்றிலைகள், வேங்கையில் ஐந்திலிருந்து ஏழு.

மே 24

புதிதாகக் கூட வருகிறவர்கள் தடுமாறும் இடம்: எது இலை, எது சிற்றிலை? மொட்டைத் தேடுங்கள். இலைக்காம்பு கிளையோடு சேரும் கக்கத்தில் மொட்டு இருக்கும், சிற்றிலையின் அடியில் இருக்காது. இதைத் தெரிந்துகொண்டால் வில்வம், மாவிலங்கம், புரசு மூன்றிலும் மூன்று இலைகள் தெரிந்தாலும் ஒவ்வொன்றும் ஒரே இலைதான் என்பது பிடிபடும். அப்புறம் பிரிப்பது எளிது. வில்வத்துக்கு முள் உண்டு. இலையை வெயிலுக்கு எதிரே பிடித்தால் எண்ணெய்ப் புள்ளிகள் ஊடுருவித் தெரியும். மாவிலங்கத்தில் இரண்டும் இல்லை. புரசின் சிற்றிலைகள் தடித்தவை, நடுவில் இருப்பது பெரியது.

கசக்கி முகர்ந்து பார்ப்பது நல்ல பழக்கம், ஆனால் எல்லா மரத்திலும் வேண்டாம். சேங்கொட்டையின் சாறு பட்டால் தோல் கொப்பளிக்கும். தெரியாத மரத்தின் பாலையோ சாற்றையோ கண்ணருகே கொண்டுபோகவே கூடாது.

ஜூன் 15

தணக்கு தழைத்துவிட்டது. பெரிய மரத்தில் அகன்ற, பிளவில்லாத இலைகள், கிளை நுனியில் கொத்தாக. பத்தடி தள்ளி முளைத்திருக்கும் கன்றில் அதே இலை மூன்றாகப் பிளந்திருக்கிறது. இலையின் உருவத்தை மட்டும் படம் எடுத்துப் போய்ப் பெயர் கேட்டால் இவை இரண்டு வெவ்வேறு மரங்களாகிவிடும். இலை எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பது மரத்தின் வயதோடு இந்த அளவுக்கு மாறாது. ஆகவே படம் எடுப்பவர்கள் ஒற்றை இலையைப் பறித்து உள்ளங்கையில் வைத்து எடுக்காமல், ஒரு சாண் கிளையை அப்படியே எடுங்கள். பட்டைக்கு ஒன்று, முழு மரத்துக்கு ஒன்று, அடியில் கிடப்பதற்கு ஒன்று.

ஜூலை 12

மஞ்சக்கடம்பு பூத்திருக்கிறது. எதிரெதிர் இலைகளுக்கு நடுவே, கிளையின் மேலேயே, இலையடிச் செதில் ஒரு ஜோடி. நுணாவின் குடும்பம் முழுக்க இந்தச் செதில் உண்டு, அதனால் இதைக் கண்டவுடனே ஆயிரக்கணக்கான தாவரப் பெயர்களை ஒதுக்கிவிட்டுத் தேடலாம். செதில் உண்டா இல்லையா என்பதுபோல் கேட்டு, இரண்டிரண்டாகப் பிரித்துக்கொண்டே போகும் இந்த முறையை 1778இல் பிரான்சின் தாவரங்களுக்காக பிரெஞ்சு இயற்கையியலாளர் லாமார்க் முழுமையாகப் பயன்படுத்தினார். இன்றும் காட்டில் அதற்கு மேலான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

அடுத்து நீர்க்கடம்பிடமிருந்து பிரிக்க வேண்டும். மஞ்சக்கடம்பின் இலை இதய வடிவம், காம்பு நீளம், பூவுருண்டைகள் இலைக் கக்கத்திலிருந்து வரும். நீர்க்கடம்பில் காம்பு குட்டை, பூவுருண்டைகள் கிளை நுனியில். செதில் சீக்கிரம் உதிர்ந்துவிடும். முற்றிய கிளையில் தேடாமல் குருத்துக்கு அருகே பாருங்கள். உதிர்ந்திருந்தாலும் இரண்டு காம்புகளையும் இணைக்கும் மெல்லிய தழும்புக் கோடு அங்கே இருக்கும்.