நெல் நிற்கட்டும், மாதாவிடம் போவோம்

மன்னார் மடு மாதா கோவிலின் ஆவணித் திருவிழாவும் எங்கள் இரணைமடுக் குளத்துச் சிறுபோக அறுவடையும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். வயல் செய்கிற கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு இது தெரிந்த சங்கடம். கதிர் பழுத்துத் தலை சாய்ந்து நிற்கும், கச்சான் காற்று விடாமல் அடிக்கும், அந்த நேரத்தில்தான் ஓகஸ்ட் 6ஆம் திகதி மடுவில் கொடி ஏறும். வழக்கமாக நாங்கள் 14ஆம் திகதி வெளிக்கிட்டு, வெஸ்பர் என்கிற மாலைச் செபத்துக்குப் போய்ச் சேர்ந்து, மறுநாள் பூசை முடிந்ததும் பஸ் ஏறிவிடுவோம்.

இந்த முறை அம்மா கொடியேற்றத்திலிருந்தே அங்கே இருக்க வேண்டும் என்றார். அது அவருடைய நேர்த்தி. 2009இல் போர் நடந்தபோது பதுங்குகுழிக்குள் இருந்துகொண்டு, பிள்ளைகளை உயிரோடு வெளியே கொண்டுவந்தால் குடும்பமாக வந்து நவநாள் முழுவதும் மடுவில் இருப்போம் என்று மாதாவிடம் சொல்லியிருந்தார். “நெல் அடுத்த போகமும் விளையும் பிள்ளை. எனக்கு இனி நடக்க ஏலுமோ தெரியாது” என்றார்.

அறுவடை மெசின் 10ஆம் திகதிக்குப் பேசி வைத்திருந்தோம். அதைத் தவறவிட்டால் வேறு வயல்களுக்குப் போய்விடும், திரும்ப எப்போது வரும் என்று யாரும் உறுதி சொல்ல மாட்டார்கள். நெல் அளவுக்கு மேல் காய்ந்தால் கதிரிலிருந்து கொட்டும், ஆலையில் அரிசி உடையும். மயிலும் பன்றியும் வேறு. என் சங்கிலி வங்கியில் அடகில் கிடந்தது, அதை மீட்பதற்கு அந்த நெல்லைத்தான் நம்பியிருந்தோம். “நீங்கள் நின்று வெட்டுங்கள், நானும் அம்மாவும் போகிறோம்” என்று கணவரிடம் சொன்னேன். அவர் வரப்பில் நின்று வயலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “மாமி எங்கள் எல்லோருக்காகவும்தானே நேர்ந்தவர். நெல் நிற்கட்டும், மாதாவிடம் போவோம்” என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததையே நான் மாதாவின் முதல் கொடையாக எண்ணுகிறேன்.

வவுனியாவில் மாறி, மன்னார் பஸ்ஸில் பறயனாளங்குளம் தாண்டி மடுச்சந்தியில் இறங்கினோம். இறங்கியதும் தொடங்கியது தரகர்களின் தொல்லை. கொட்டில் பிடித்துத் தருகிறேன் என்று ஒருவர் பையைப் பிடித்து இழுக்கிறார், உள்ளே போக நாளாந்தக் கூலியை விட அதிகமாக ஓட்டோக்காரர் கேட்கிறார். நடக்க முடியாத கிழவியைப் பார்த்ததும் விலையைக் கூட்டுகிற மனம் எப்படி வருகிறதோ! கோவில் வளவுக்குள்ளும் செபமாலை சொல்லும் நேரத்தில் கடைகளின் ஒலிபெருக்கி ஓயவில்லை. தண்ணீருக்கு வாளியோடு வரிசை, கழிப்பிடத்துக்கும் வரிசை, இரவில் காட்டு மரங்களுக்குக் கீழே தறப்பாள் படபடக்கும் சத்தம். அம்மா மட்டும் எதையும் குறை சொல்லவில்லை.

நவநாளில் ஒரு மாலை, பிரசங்கம் வைத்த சுவாமி மடுவின் பழைய கதையைச் சொன்னார். ஒல்லாந்தர் காலத்தில், 1670 அளவில், மாந்தையிலிருந்த கத்தோலிக்கர் துன்புறுத்தலுக்குத் தப்பி இந்தக் காட்டுக்குள் ஓடி வந்தபோது வீட்டையும் காணியையும் விட்டு வந்தார்கள், மாதாவின் சொரூபத்தை விடவில்லை. எத்தனையோ தரம் கேட்ட கதைதான். ஆனால் பழுத்த வயலை விட்டுவிட்டு வந்து மணலில் உட்கார்ந்து கேட்கும்போது அது என்னைப் பிடித்து உலுக்கியது. அவர்களுக்கும் அறுவடை இருந்திருக்கும், கடன் இருந்திருக்கும். 2008 ஏப்ரலில் சண்டை நெருங்கி, அதே சொரூபத்தைத் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோனதும் நினைவுக்கு வந்தது. அதன் பிறகு நாங்கள் இடம்பெயர்ந்து ஓடிய வழியெல்லாம் பெட்டி, பாத்திரம், தையல் மெசின் என்று ஒவ்வொன்றாகக் கைவிட்டோம். அம்மாவின் கழுத்தில் கிடந்த மர மணிச் செபமாலை மட்டும் மிஞ்சியது. ஒரு மணி உடைந்து, அந்த இடத்தில் நூலை முடிச்சுப் போட்டிருக்கிறார். இன்றும் அந்த முடிச்சில் விரலை வைத்து ஓர் அருள் நிறைந்த மரியே சொல்லுவார்.

மறுநாள் காலை கூட்டம் குறைந்த நேரம் பார்த்து, அம்மாவைக் கோவிலுக்குள் பீடத்துக்கு அருகே கூட்டிப்போனேன். கேட்க வேண்டியவற்றை எல்லாம் ஒழுங்குபடுத்தி வைத்திருந்தேன்: நெல், சங்கிலி, மகனின் உயர்தரப் பரீட்சை. மாதாவை நிமிர்ந்து பார்த்தேன். பக்கத்தில் அம்மா முழந்தாளில் நின்று மெல்லிய குரலில் நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். அக்காவின் பெயரைச் சொல்லி நன்றி, என் பெயரைச் சொல்லி நன்றி. பிறகு தம்பியின் பெயரைச் சொன்னார். தம்பி அந்தக் குழியிலிருந்து வெளியே வரவில்லை. அவன் பெயருக்கும் நன்றி என்றார், “உன்னிடம் இருக்கிறான் தாயே” என்றார். அதன் பிறகு என்னால் நெல்லைப் பற்றி ஒரு சொல்லும் சொல்ல முடியவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு அழுதேன். எவ்வளவு நேரமோ தெரியாது, யாரும் எங்களை நகரச் சொல்லவில்லை.

திருவிழாப் பூசைக்குத் தமிழும் சிங்களமுமாய்க் காடு நிறைந்திருந்தது. 2015இல் பாப்பரசர் பிரான்சிஸ் வந்து நின்று செபித்த மண் அது. ஆயர் ஆண்டகை சொரூபத்தால் ஆசீர் கொடுத்தபோது முன்னால் நின்றவர்கள் கைத்தொலைபேசிகளை உயர்த்தி மறைத்துவிட்டார்கள். எனக்குக் கோபம் வந்தது. அம்மா கண்ணை மூடிக்கொண்டே ஆசீரை வாங்கினார்.

திரும்பி வந்தபோது மெசின் போயிருந்தது. வேறொன்று பிடித்து வெட்டினோம். நெல் கொட்டித்தான் இருந்தது, மூடைகள் குறைந்தன, சங்கிலி வங்கியிலேயே இருக்கிறது. அம்மா மடு மண்ணைக் கொண்டுவந்து பாம்பு அண்டாமல் வரப்பெங்கும் தூவினார். மாதாவே, அம்மாவின் காலுக்கு அந்த நாட்களில் பலம் தந்தீரே, நன்றி. என் கணவருக்கு அந்த மனதைத் தந்ததற்கு நன்றி. தம்பியை வைத்திருப்பதற்கு நன்றி. அடுத்த ஆவணிக்கும் கொடியேற்றத்துக்கே வருகிறோம் தாயே, கதிர் பழுத்து நின்றாலும் வருகிறோம்.