எச்சரிக்கை வாசகத்தை மாற்றச் சொன்ன செய்முறைத் தேர்வு

வலை நிரலாக்கச் செய்முறைத் தேர்வில் எனக்கு வந்த கேள்வி பார்க்கச் சின்னதுதான். படிவத்தில் வயதைத் தப்பாகக் கொடுத்தால், தப்புக்கு ஏற்ற எச்சரிக்கை வர வேண்டும். காலியாக விட்டால் ஒரு வாசகம், எழுத்தை அடித்தால் இன்னொன்று, 18-க்குக் குறைந்தால் வேறொன்று. பயனர் திருத்தத் திருத்த வாசகமும் மாற வேண்டும்.

கடைசி வரியைச் சரியாகப் படிக்காமல் மூன்று இஃப் (நிபந்தனை), மூன்று அலெர்ட் (திரையில் தனியாக எழும் செய்திப் பெட்டி) என்று எழுதிவிட்டேன். அலெர்ட் பெட்டி ஒருமுறை திறந்துவிட்டால் உள்ளிருக்கும் வாசகத்தை ஜாவாஸ்கிரிப்ட் (வலைப்பக்கத்தை இயக்கும் நிரல்மொழி) தொட முடியாது. ஓகே அழுத்தும்வரை ஸ்கிரிப்ட் அடுத்த வரிக்கே நகராது. இதை உணர்வதற்குள் பாதி நேரம் போய்விட்டது. அதனால் "மாற வேண்டும்" என்ற சொல் கேள்வியில் இருந்தால் அலெர்ட்டை மறந்துவிடுங்கள். வலைப்பக்கத்திலேயே ஒரு டிவ் (பக்கத்தின் ஒரு பகுதியைக் குறிக்கும் உறுப்பு) வைத்து, அதன் வாசகத்தை மாற்றுங்கள். எப்போது மாற்றுவது என்று நிரலுக்குச் சொல்வது நிகழ்வு. சேஞ்ச் நிகழ்வு பொதுவாகப் பயனர் உள்ளீட்டுப் பெட்டியை விட்டு வெளியே வந்த பிறகுதான் கிளம்பும். ஒவ்வொரு எழுத்துக்கும் மாற இன்புட் நிகழ்வு வேண்டும்.

சரி, டிவ்வுக்கு மாறினேன். அதற்குள் மூடும் பொத்தான் ஒன்றும் வைத்திருந்தேன். டிவ்வின் டெக்ஸ்ட்கன்டென்டில் (உறுப்பின் வாசகத்தை வைத்திருக்கும் பண்பு) புது வாசகத்தைப் போட்டதும் பொத்தான் காணாமல் போனது. டெக்ஸ்ட்கன்டென்ட் உள்ளே இருக்கும் எல்லாவற்றையும் துடைத்துவிட்டுத்தான் எழுதும். உள்ளே வாசகத்துக்கென்று ஒரு ஸ்பான் (சின்ன உள்ளுறுப்பு) வைத்து அதை மட்டும் மாற்றியதும் சரியானது. வாசகத்தைக் குறியீடாகவே எடுத்துக்கொள்ளும் இன்னர்ஹெச்டிஎம்எல் பண்பின் பக்கம் போகாதீர்கள். பயனர் அடித்ததை அதில் அப்படியே சேர்த்தால், அவர் எழுதும் குறியீடும் பக்கத்தில் இயங்கக்கூடும்.

நான் அதிகம் தடுமாறியது நிபந்தனைகளின் வரிசையில். உள்ளீட்டுப் பெட்டியிலிருந்து வருவது எப்போதும் சரம்தான், அதாவது எண் அல்ல, எழுத்துகளின் தொடர். காலிச் சரத்தை 18-உடன் ஒப்பிட்டால் ஜாவாஸ்கிரிப்ட் அதை 0 ஆக எடுத்துக்கொள்ளும். ஒன்றுமே அடிக்காதவருக்கு "வயது போதாது" என்று வரும். எழுத்துகளோ NaN ("எண் அல்ல") என்ற மதிப்பாகிவிடும். அது எந்த எண்ணையும்விடச் சிறியதும் இல்லை, பெரியதும் இல்லை, ஆகவே நிபந்தனையைச் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். முதலில் காலியா, அப்புறம் எண்தானா, கடைசியில் 18-க்குக் குறைவா. இந்த வரிசையைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு குறியீட்டைத் தொடங்குங்கள்.

சப்மிட் அழுத்தியதும் செய்தி மின்னி மறைந்தால் பக்கம் மறுபடி ஏற்றப்படுகிறது என்று பொருள். உலாவியின் அந்த இயல்பான செயலைத் தடுக்கும் ப்ரிவென்ட்டிஃபால்ட் சேர்த்தால் போதும்.

வாய்மொழித் தேர்வில் "பார்வையற்றவருக்கு இந்தச் செய்தி எப்படித் தெரியும்?" என்று கேட்டார்கள். நல்ல கேள்வி. டிவ்வின் ரோல் பண்புக்கு அலெர்ட் என்ற மதிப்பைக் கொடுத்தால், வாசகம் மாறும்போது திரைவாசிப்பான் (திரையில் இருப்பதைக் குரலில் வாசிக்கும் மென்பொருள்) உடனே படித்துச் சொல்லும். அந்த டிவ்வைக் காலியாகவேனும் முதலிலிருந்தே பக்கத்தில் வைத்துவிடுங்கள்.