கடைசி வாங்குக்கும் கமராவுக்கும்: ஆன் பான்கிரொஃப்ட்

கடைசி வாங்கில் இருப்பவனுக்கும் கேட்க வேண்டும். நம் கல்லூரி நாடக மன்றத்தில் சேர்ந்த எவருக்கும் முதற்பாடம் அதுதான். ஒலிவாங்கியை நம்பாத காலம் அது. மூச்சை அடிவயிற்றில் பிடித்து, வசனத்தின் கடைசிச் சொல்லை விழுங்காமல், கையைத் தோளிலிருந்தே தூக்கிப் பேசப் பழக்கினார்கள். அப்படிப் பழகியவர்கள் புலம்பெயர்ந்த பின் குறும்படங்களில் நடித்தபோது, அதே குரலும் அதே கையும் மிகையாகத் தெரிந்தன. மேடைக்காரனுக்குத் திரை சரிவராது என்ற முடிவுக்குப் பலர் வந்துவிட்டார்கள். அந்த முடிவு பிழை என்பதற்கு என்னிடம் உள்ள முதல் சாட்சி அமெரிக்க நடிகை ஆன் பான்கிரொஃப்ட். ஒரே பாத்திரத்தை மேடையிலும் திரையிலும் அதே எழுத்தாளர், அதே இயக்குநர், அதே சக நடிகையுடன் செய்து, மேடைக்கு ரோனி விருதும் திரைக்கு ஒஸ்காரும் பெற்றவர் அவர்.

1931 செப்டெம்பர் 17இல் நியூயோர்க்கின் பிரொங்ஸ் பகுதியில், இத்தாலியிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களின் வழியில் பிறந்தவர். இயற்பெயர் அன்னா மரியா லூயிசா இத்தாலியானோ. நடிப்புக் கல்லூரியில் படித்து, தொலைக்காட்சியில் சில காலம் நடித்தபின் ஹொலிவூட்டில் ருவென்ரியத் செஞ்சுரி ஃபொக்ஸ் நிறுவனத்துடன் ஒப்பந்தமானார். 1952இல் மர்லின் மன்றோ நடித்த ஒரு படத்தில் அறிமுகம். அதன்பின் வந்தவை ரோமானிய வாள்வீரர் படம், கொரில்லா வரும் சர்க்கஸ் படம் என்ற வகை. ஸ்ரூடியோ ஒப்பந்தம் என்றால் தருகிற வேடத்தைச் செய்ய வேண்டும். ஒத்திகைக்கு நேரம் கிடையாது. இவரிடம் இருந்ததோ, ஒரு ஆளை மெல்ல மெல்லக் கட்டி எழுப்பும் திறமை. அதற்கு நாட்கள் வேண்டும். அந்த ஐந்தாறு ஆண்டுப் படங்களில் முகம் தெரிகிறது, ஆள் தெரியவில்லை.

அவர் நியூயோர்க் திரும்பினார். 1958 ஜனவரியில் பூத் அரங்கில் வில்லியம் கிப்சன் எழுதிய ‘ரூ ஃபோர் த சீசோ’ தொடங்கியது. முழு நாடகத்திலும் இரண்டே பாத்திரங்கள். மற்றவர் ஹென்றி ஃபொண்டா, அப்போதே பெரிய நட்சத்திரம். மேடையில் இரண்டு வாடகை அறைகள் பக்கம் பக்கமாக இருக்கும். இடையில் தொலைபேசிதான் பாலம். இந்த அமைப்பில் ஒரு பொறி உண்டு. ஓர் அறையில் வசனம் ஓடும்போது மற்ற அறையில் இருப்பவர் சும்மா இருந்துவிட்டால் பாதி மேடை செத்துவிடும். எதையாவது செய்துகொண்டே இருந்தால் பேசுபவரின் வசனத்தைத் தின்றுவிடும். பான்கிரொஃப்ட் நடித்த கிற்றெல் மொஸ்கா பிரொங்ஸில் வளர்ந்த, வேலை நிலைக்காத நடனக்காரி. பான்கிரொஃப்டும் அதே பிரொங்ஸ் தெருப் பேச்சில் வளர்ந்தவர். இங்கே அதுவே மூலதனமானது. துணைப் பாத்திரத்துக்கான ரோனி விருது அவருக்குக் கிடைத்தது. 1962இல் அதைப் படமாக்கியபோது வேடம் ஷெர்லி மக்லெய்னுக்குப் போனது. மேடையில் ஒருத்தி உண்டாக்கிய பாத்திரத்தைப் பெயர் பெற்ற இன்னொருத்திக்குக் கொடுப்பது ஹொலிவூட்டின் வழமை. அநியாயம் என்றே சொல்வேன்.

அடுத்ததுதான் ‘த மிரக்கிள் வேர்க்கர்’. பார்வையும் கேட்கும் திறனும் இழந்த ஹெலன் கெல்லருக்கு ஆசிரியை ஆன் சலிவன் மொழியைக் கொடுத்த கதை. 1887 மார்ச்சில் அலபாமாவின் ரஸ்கம்பியாவுக்கு வந்தபோது சலிவனுக்கு வயது 20, ஹெலனுக்கு ஏழு ஆகவில்லை. கிப்சன் இதை முதலில் 1957இல் தொலைக்காட்சிக்கு எழுதினார், இயக்கியவர் ஆர்தர் பென். பிறகு மேடைக்காக விரித்து எழுத, அதையும் பென்னே இயக்கினார். 1959 ஒக்ரோபர் 19இல் நியூயோர்க்கின் நாடக அரங்கப் பகுதியான பிரோட்வேயின் பிளேஹவுஸ் அரங்கில் தொடங்கி 719 காட்சிகள் ஓடியது. ஹெலனாக வந்த பெற்றி டியூக்குக்கு அப்போது 12 வயது.

இதற்காக பான்கிரொஃப்ட் செய்த தயாரிப்பு, நாடகம் போடும் எவரும் படிக்க வேண்டியது. மறுவாழ்வு நிலையம் ஒன்றுக்குப் போய் ஊனமுற்ற பிள்ளைகளுடன் இருந்து பார்த்தார். கண்களை ஒட்டுநாடாவால் மூடிக்கொண்டு நடந்து பழகினார். சலிவனே கண்நோயால் பலமுறை சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்; கறுப்புக் கண்ணாடியோடுதான் ரயிலை விட்டு இறங்குவார். சலிவனின் பெற்றோர் அயர்லாந்துக்காரர் என்பதால் பிரொங்ஸ் பேச்சை ஒதுக்கிவிட்டு ஐரிஷ் சாயல் ஏற்ற வேண்டியிருந்தது. இவற்றோடு கைவிரல் எழுத்தையும் கற்றார்.

விரல் எழுத்தைக் கொஞ்சம் நின்று பார்ப்போம், ஏனென்றால் நாடகத்தின் உயிர் அதில்தான் இருக்கிறது. ஒரு சொல்லின் பொருள் ஹெலனுக்கு முதன்முதல் விளங்கும் காட்சியில், தண்ணீர் இறைக்கும் கைப்பம்படியில் சலிவன் அவள் உள்ளங்கையில் எழுதுவது ‘வோட்டர்’ என்ற சொல்லின் ஐந்து எழுத்துகள். டபிள்யூவுக்குச் சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் மூன்றும் விரிந்து நிமிரும். பெருவிரல் சின்னவிரலை மடக்கிப் பிடிக்கும். ஏ என்றால் பொத்திய கை, பெருவிரல் பக்கத்தில் ஒட்டி நிற்கும். ரி என்றாலும் பொத்திய கைதான், ஆனால் பெருவிரல் நுனி சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் எட்டிப் பார்க்கும். ஈ எழுத்துக்கு நான்கு விரல்களும் மடிந்து பெருவிரலின்மேல் இருக்கும். ஆருக்குச் சுட்டுவிரலும் நடுவிரலும் பின்னிக்கொள்ளும். ஏ, ரி, ஈ மூன்றும் தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே பொத்திய கை. தொட்டு அறிபவருக்குப் பெருவிரல் இருக்கும் இடம் மட்டுமே வித்தியாசம். அவசரப்படும் நடிகை மூன்றையும் ஒன்றாக்கிவிடுவாள். விரல் எழுத்து தெரிந்த ஒருவர் சபையில் இருந்தால் உடனே பிடித்துவிடுவார்.

லண்டன், மெல்பேர்ண் பக்கம் இதைப் போட நினைக்கும் நம் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: அங்கே வழக்கில் உள்ளது இரண்டு கைகளால் எழுதும் முறை. சலிவன் பொஸ்ரனின் பேர்க்கின்ஸ் பாடசாலையிலிருந்து கொண்டுவந்தது அமெரிக்காவின் ஒற்றைக்கை முறை. இரண்டு கை முறையைப் போட்டால் சலிவனுக்கு ஹெலனைப் பிடித்து வைக்க இன்னொரு கை இருக்காது. நாடகம் அங்கேயே நின்றுவிடும்.

விரல் எழுத்து அரங்கின் பின்வரிசைக்குத் தெரியாது. ஆகவே மேடையில் சலிவன் ஒவ்வொரு எழுத்தையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுகிறாள். கேட்காத பிள்ளையோடு ஓயாமல் பேசும் ஆசிரியை என்ற குணம் இதனாலேயே பாத்திரத்தில் ஊறிவிட்டது.

இனிச் சாப்பாட்டு மேசைக் காட்சி. ஹெலன் மேசையைச் சுற்றி வந்து எல்லோருடைய கோப்பையிலும் கையை விட்டு அள்ளுகிறாள். சலிவன் தன் கோப்பையை விடமாட்டாள். வீட்டாரை வெளியே அனுப்பிக் கதவைப் பூட்டித் திறப்பைப் பைக்குள் போடுகிறாள். பிறகு வசனம் ஏறக்குறைய இல்லை. பிள்ளையைக் கதிரையில் இருத்துவது, அவள் ஓடுவது, திரும்ப இருத்துவது. கரண்டியைக் கையில் வைப்பது, அவள் எறிவது, இன்னொன்றை வைப்பது. ஹெலன் உணவை முகத்தில் துப்ப, சலிவன் தண்ணீரை அவள் முகத்தில் ஊற்றுகிறாள். கடைசியில் அறை நாசம், ஆனால் பிள்ளை கரண்டியால் சாப்பிட்டுத் தன் துவாயை மடித்துவிட்டாள்.

இதில் எங்கே பிழைக்கும்? ஹெலனாக நடிப்பவள் அடி வருமுன் கண்ணைச் சிமிட்டினால் எல்லாம் போச்சு. அவளுக்கு அடி வருவது தெரியவே கூடாது. ஆனால் நடிகைக்கு அது தெரியும், உடம்பு தானாகவே ஒதுங்கும். அதனால் ஒவ்வொரு அசைவுக்கும் சைகை தொடுகையாக இருக்க வேண்டும்: தோளில் ஒரு பிடி, மணிக்கட்டில் ஒரு அழுத்தம். சைகை கொடுப்பது எப்போதும் சலிவனின் பொறுப்பு. அடுத்தது தரை. உணவும் தண்ணீரும் கலந்த பலகைத் தரையில் தோல் சப்பாத்து வழுக்கும். அடியில் ரப்பர் ஒட்டாமல் இந்தக் காட்சியைத் தொடவே கூடாது. பிரோட்வேயில் வாரத்துக்கு எட்டுக் காட்சிகள். எட்டு முறையும் இந்தச் சண்டை ஒரே கணக்கில் நடக்க வேண்டும், இருந்தும் சபைக்கு அது கணக்காகத் தெரியக் கூடாது.

படமாக்கும் பேச்சு வந்தபோது தயாரிப்பு நிறுவனம் பெரிய நட்சத்திரம் கேட்டது. எலிசபெத் ரெய்லர் என்றால் பணம் தாராளமாக வரும் என்றார்கள். பென்னும் கிப்சனும் பான்கிரொஃப்டை விடவில்லை. குறைந்த பணத்தில், கறுப்பு வெள்ளையில் எடுத்தார்கள். அந்த மேசைக் காட்சி திரையில் ஏறக்குறைய ஒன்பது நிமிடம். மூன்று கமராக்களை வைத்து ஐந்து நாள் எடுத்தார்கள். இருவரும் உடுப்புக்குள் பஞ்சுக் காப்பு அணிந்திருந்தார்கள். மேடையில் தோளிலிருந்து வந்த கோபம் திரையில் தாடையில் வந்து நிற்கிறது. முகத்தில் வழிந்த உணவைத் துடைக்கும்போது அவர் மூச்சு வாங்குவதைக் கவனியுங்கள். களைப்பும் பிடிவாதமும் ஒன்றாக இருக்கின்றன. அடுத்த கரண்டியை எடுக்குமுன் ஒரு கணம் தாமதிக்கிறார். அந்தத் தாமதம் ஆயிரம் இருக்கைகளைத் தாண்டாது, ஆனால் கமரா அதைப் பிடித்துக்கொள்கிறது. படம் முழுவதும் இந்தத் தரத்தில் இல்லை. வீட்டாருடன் வாதாடும் சில நீண்ட பேச்சுகளில் மேடைக் குரல் இன்னும் கேட்கிறது. சொல்லாமல் விட்டிருக்கலாம் என்ற இடங்களும் உண்டு.

1963 ஏப்ரலில் ஒஸ்கார் விழா நடந்தபோது அவர் பிரோட்வேயில் பிரெக்ற்றின் ‘மதர் கரேஜ்’ நாடகத்தில் இருந்தார். நடிகை ஜோன் குரோஃபோர்ட் விருதை அவருக்காக வாங்கிக்கொண்டார். பெற்றி டியூக் 16 வயதில் துணை நடிகைக்கான ஒஸ்கார் பெற்றார். அதுவரை போட்டிப் பிரிவில் அவ்வளவு இளவயதில் பெற்றவர் இல்லை.

1964இல் ஜக் கிளேற்றன் இயக்கி ஹரோல்ட் பின்ரர் திரைக்கதை எழுதிய ‘த பம்கின் ஈற்றர்’ வந்தது. லண்டன் ஹரொட்ஸ் கடைக்குள், ஆட்கள் நடமாட்டத்தின் நடுவில், அவர் நின்ற நிலையில் உடைந்து அழும் காட்சியைத் தேடிப் பாருங்கள். கான் விழாவில் சிறந்த நடிகை விருது அந்தப் படத்துக்குத்தான்.

உலகத்துக்கு அவர் பெயர் ‘த கிராஜுவேட்’ படத்தில் ஓர் இளைஞனை மயக்கும் நடுவயதுப் பெண்ணான திருமதி ரொபின்சனோடு ஒட்டிவிட்டது. 1967இல் வந்த அந்தப் படத்தில் இளைஞனாக வரும் டஸ்ரின் ஹொஃப்மன் இவரை விட ஆறு வயதுகூட இளையவர் இல்லை. மகளாக நடித்த கதரின் ரொஸுக்கும் இவருக்கும் எட்டு வயதுதான் வித்தியாசம். தலைமயிரில் நரைக்கோடு, சிறுத்தைப்புள்ளி மேலாடை, இவற்றுக்கும் மேலாகக் குரல்: தணிந்த, அவசரமில்லாத, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும் குரல். விடுதி அறையில் இளைஞன் பேச்சுக்கு இழுத்து, கல்லூரியில் என்ன பாடம் படித்தீர்கள் என்கிறான். ஓவியம் என்கிறாள். அந்த ஒரு சொல்லில் கைவிட்ட ஒரு வாழ்க்கை வந்து போகிறது. அழுகை இல்லை, முகம் மட்டும் கொஞ்சம் திரும்புகிறது. கடைசி வாங்குக்குக் குரல் எறியத் தெரிந்தவரால்தான் இவ்வளவு குறைக்க முடியும் என்று நான் நம்புகிறேன். எவ்வளவு கையிருப்பில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1964இல் நகைச்சுவை இயக்குநர் மெல் புரூக்ஸை மணந்தார். 1977இல் ‘த ரேணிங் பொயின்ற்’ படமும், அதே கிப்சன், அதே பென் கூட்டணியில் ‘கோல்டா’ நாடகமும் வந்தன. ‘எலிஃபன்ற் மேன்’ படத்தில் நடிகை மேட்ஜ் கெண்டல், ‘84 சேரிங் குரொஸ் றோட்’ படத்தில் புத்தகப் பித்துப் பிடித்த நியூயோர்க்காரி. ஒஸ்காருக்கு மொத்தம் ஐந்து முறை முன்மொழியப்பட்டார். தொலைக்காட்சிக்காக எமியும் பெற்றார். 2002இல் எட்வர்ட் ஓல்பியின் ‘ஒக்கியுபண்ட்’ நாடகத்தில் சிற்பி லூயிஸ் நெவெல்சனாக மேடையேறினார்; நிமோனியாக் காய்ச்சல் வந்து, முன்னோட்டக் காட்சிகளோடு அது நின்றுபோனது. 2005 ஜூன் 6இல் காலமானார்.

புதிதாகப் பார்ப்பவர்கள் 1962 படத்திலிருந்து தொடங்குங்கள். மேசைக் காட்சியை முதலில் ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். யார் யாருக்கு எப்போது சைகை கொடுக்கிறார் என்று தெரியும். பிறகு ஒலியோடு. அதன்பின் 1979இல் தொலைக்காட்சிக்காக எடுத்த வடிவத்தைத் தேடுங்கள். அதில் ஆன் சலிவனாக வருபவர் பெற்றி டியூக். ஹெலனாக அடிவாங்கி வளர்ந்தவர் இம்முறை சைகை கொடுக்கும் பக்கத்தில் நிற்கிறார். பான்கிரொஃப்டை அவர் நகல் எடுக்கவில்லை. ஆனால் பிள்ளையின் மணிக்கட்டைப் பிடிக்கும் விதத்தில் யாரிடம் படித்தார் என்பது தெரிகிறது. அந்த வேடத்துக்கு அவருக்கு எமி விருது கிடைத்தது.