விலாங்கு திரும்பி வந்த ஏரி

மெல்பனிலிருந்து மேற்கே போகிறவர்கள் பெரும்பாலும் கிரேட் ஓஷன் ரோட்டோடு நின்றுவிடுவார்கள். கடல் நடுவே நிற்கும் பாறைகளைப் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடலாம்தான். ஆனால் இன்னும் மேற்கே போய் ஹேவுட் என்ற சிற்றூரைத் தொட்டால், ஆஸ்திரேலியப் பழங்குடிகளான குண்டிஜ்மாரா மக்களின் நிலம் வந்துவிடும். நான் போனது அதற்காகவே.

புட்ஜ் பிம் அங்கே உள்ள எரிமலை. ஏறக்குறைய 37,000 ஆண்டுகளுக்கு முன் அது கக்கிய குழம்பு இறுகி, கடல்வரைக்கும் கரடுமுரடான கல்வெளியாகக் கிடக்கிறது. முதல் பார்வையில் வெறும் கருங்கல் குவியல். எங்களை அழைத்துப்போன வழிகாட்டி அந்த மக்களில் ஒருவர். அவர் புல்லை விலக்கிக் காட்டிய பிறகுதான் கற்கள் வரிசை பிடித்து நிற்பது கண்ணுக்குப் பட்டது. வாய்க்கால், தடுப்புச்சுவர், குட்டை என்று எல்லாமே மனிதக் கை வைத்தவை. அவற்றில் ஒரு பகுதிக்கு வயது குறைந்தது 6,600 ஆண்டு.

எல்லாம் விலாங்கு மீனுக்காக. அவர்கள் மொழியில் கூயாங். குஞ்சுகள் கடலிலிருந்து ஓடை வழியாக ஏறி வரும். அவற்றை வாய்க்காலில் திருப்பிக் குட்டைகளில் வளரவிடுவார்கள். நன்றாக வளர்ந்த பின் முட்டையிட மறுபடியும் கடலை நோக்கிக் கிளம்பும்போது, சுவரில் விட்ட இடைவெளியில் புல்லால் பின்னிய நீண்ட பறியை வைத்துப் பிடிப்பார்கள். பக்கத்திலேயே கல் வீடுகளின் அடித்தளங்களும் இருக்கின்றன. பழங்குடிகள் என்றாலே ஊர் ஊராகத் திரிந்தவர்கள் என்று படித்த நமக்கு, இந்த இடம் ஒன்றே போதும் அதை மறக்க.

1840களில் நிலத்தைப் பிடிக்க வந்த குடியேறிகளோடு இவர்கள் இதே கல்வெளியை அரணாக வைத்துப் போரிட்டார்கள். குதிரைகளால் அதற்குள் நுழைய முடியவில்லை. அப்புறம் 1867இல் கிறிஸ்தவ மிஷன் வந்தது, மொழியும் வழக்கங்களும் ஒடுக்கப்பட்டன. இந்த வாய்க்கால்களை ஒட்டியுள்ள டே ராக் ஏரியையும் விடவில்லை. விவசாய நிலத்துக்காக வடிகால் வெட்டி, 1950களுக்குள் தண்ணீரை வடித்தே விட்டார்கள்.

கோனி ஹார்ட் (1917-1993) என்ற குண்டிஜ்மாரா பெண்மணியை இங்கே சொல்லியாக வேண்டும். வெள்ளைக்காரர் வழிக்கு வந்துவிட்டோம், இனி இது வேண்டாம் என்று அவருடைய அம்மா கூடை பின்னக் கற்றுத்தரவே இல்லை. சிறுமி ஒளிந்திருந்து பார்த்தார். வயதான பிறகு, அந்த நினைவிலிருந்தே பின்னத் தொடங்கி மற்றவர்களுக்கும் கற்றுக்கொடுத்தார். அந்தப் பறியைப் பின்னும் கை இன்றும் இருப்பதற்கு அவர் ஒரு முக்கியக் காரணம். அந்தச் சிறுமியை நினைத்து எனக்குத் தொண்டை அடைத்தது.

நிலம் திரும்பக் கிடைத்தது வழக்காடித்தான். போர்ட்லண்டில் அலுமினிய உருக்காலை கட்ட வந்த அல்கோவா நிறுவனத்தை எதிர்த்து சாண்ட்ரா ஓனஸ், கிறிஸ்டினா ஃபிராங்க்லண்ட் என்ற இரு குண்டிஜ்மாரா பெண்கள் நீதிமன்றம் போனார்கள். வழக்குத் தொடுக்க அவர்களுக்கு உரிமை உண்டு என்று 1981இல் ஆஸ்திரேலியாவின் மிக உயர்ந்த நீதிமன்றம் சொன்னது. அதன் தொடர்ச்சியாக 1987இல் மிஷன் நிலம் சட்டப்படி அவர்களிடம் வந்தது. 2007இல் பூர்வீக நில உரிமை ஏற்கப்பட்டது. 2010இல் தடுப்பணை கட்டி ஏரிக்குத் தண்ணீரைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். எனக்கு இதில் மிகப் பெரியதாகத் தெரிவது இந்தத் தடுப்பணைதான். தண்ணீர் இல்லாத வாய்க்கால் வெறும் தொல்லியல் சின்னம். தண்ணீர் வந்ததும் விலாங்கு வருகிறது, பறிக்கு வேலை வருகிறது, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கக் கண்முன்னே ஒன்று இருக்கிறது.

2019 ஜூலையில் யுனெஸ்கோ புட்ஜ் பிம் நிலப்பகுதியை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பழங்குடிப் பண்பாட்டுக்காக மட்டுமே அந்தத் தகுதி பெற்ற முதல் ஆஸ்திரேலிய இடம் இது. அந்த ஆண்டு இறுதியில் வந்த காட்டுத்தீ புல்லை எரித்தபோது, அதுவரை பதிவாகாத வாய்க்கால்களும் வெளியே தெரிந்தன.

இப்போது ஏரிக்கரையில் 2022இல் திறந்த ஒரு மையம் இருக்கிறது. விலாங்கைப் பதப்படுத்துவதும் அங்கேதான், சமைத்துத் தருவதும் அங்கேதான். புகையூட்டிய விலாங்கு கொழுப்பேறி மெத்தென்று இருந்தது. மீன் பிடிக்குமென்றால் தயங்காமல் கேட்டு வாங்குங்கள். மெல்பனிலிருந்து காரில் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதனால் ஒரு இரவு அந்தப் பக்கம் தங்குகிற மாதிரி போங்கள். வழிகாட்டிச் சுற்றுலாவுக்கு முன்பதிவு செய்துவிடுங்கள். சில பகுதிகளுக்கு அவர்களோடுதான் போக முடியும், அதுதான் முறையும்கூட.