பூச்சியின் நாட்கள்

அக்டோபர் 3, வெள்ளி
அடிபட்டுக் கிடக்கும் எங்கள் நாய் பூச்சி இன்றும் வாலை ஆட்டவில்லை.

அக்டோபர் 4, சனி
அப்பாவைப் பார்த்து உறுமிவிட்டாள். அப்பாவை! அவர் பிசைந்து வைத்தால்தான் சோறு இறங்கும், அவர் மாடிக்குப் போனால் படிக்கட்டிலேயே காத்துக் கிடப்பாள், அப்பேர்ப்பட்டவள் இன்று இடுப்புக்கு அடியில் துண்டைச் சரிசெய்யக் கை வைத்ததும் பல்லைக் காட்டினாள். கடிக்கவில்லை. அப்பா ஒன்றும் பேசாமல் வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார். அடிபட்டதில் புத்தி மாறிப்போச்சு என்கிறார் அம்மா. மாறவில்லை. தொடை எலும்பில் பிளேட்டும் ஸ்குரூவும் இருக்கிறது, வலிக்கிறது, அதைச் சொல்ல அவளுக்கு வேறு என்ன வழி?

அக்டோபர் 7, செவ்வாய்
வேப்பேரி கால்நடை மருத்துவமனை. உறுமினால் திட்டவே கூடாது என்றார் டாக்டர். உறுமலை அடக்கிவிட்டால் அப்புறம் எச்சரிக்காமலே கடிக்கும். உறுமுவதற்கு முன்பே சொல்லிவிடுமாம்: உதட்டை நக்கும், தூக்கம் வராமலே கொட்டாவி விடும், முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்க்கும். அந்த நேரத்திலேயே கையை எடுத்துவிட வேண்டும். இதையெல்லாம் வீட்டில் சொன்னதும் அம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "உங்க பாட்டியும் இடுப்பு முறிஞ்சு படுத்தப்ப இப்படித்தான் எல்லாரையும் திட்டினாங்க" என்றார்.

அக்டோபர் 8, புதன்
வால் ஆட்டம் இல்லை.

அக்டோபர் 11, சனி
பக்கத்து வீட்டு அண்ணன் நல்ல மனசோடுதான் சொன்னார், நாம் வலிக்குப் போடும் புரூஃபென் அரை மாத்திரை கொடு என்று. நாய்க்கு அது வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தையே கெடுத்துவிடும். கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்றேன். வலிக்குச் சாப்பாட்டுக்கு அப்புறம் மெலாக்சிகாம், கூடவே கபாபென்டின், அவ்வளவுதான். கபாபென்டின் போட்டால் கால் பின்னுகிறது, ஆனால் ராத்திரி இரைப்பது குறைந்திருக்கிறது. பைக் சத்தம் கேட்டால் இன்னும் கட்டிலுக்கு அடியில்தான். பால்காரர் இப்போது வண்டியைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு நடந்தே வருகிறார், நாங்கள் யாரும் கேட்கவே இல்லை.

அக்டோபர் 15, புதன்
விரல் நுனியை ஊன்றினாள்!! கேட் வரை வந்தாள். அங்கேயே நின்று தெருவைப் பார்த்தாள், அப்படியே திரும்பிவிட்டாள். இழுக்கவில்லை. எப்போது வேண்டுமானாலும் தாண்டட்டும்.

அக்டோபர் 18, சனி
காலையில் ஆறிலிருந்து ஏழு, ராத்திரி ஏழிலிருந்து எட்டு, அந்த இரண்டு மணி நேரம்தான் தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்கலாம் என்று அரசாங்கம் சொல்கிறது. எங்கள் தெருவில் நேற்றே ஆரம்பித்தாயிற்று. பயத்துக்குத் தனி மாத்திரை இருக்கிறது, சத்தம் தொடங்கும் முன்பே கொடுத்தாக வேண்டும், ஆனால் எப்போது தொடங்கும் என்று யாருக்குத் தெரியும்? பதறி எழுந்து ஓடினால், தரை வேறு வழுக்கும், அந்த பிளேட் தாங்குமா? சாக்கு, பழைய பாய், ஜமுக்காளம் எல்லாவற்றையும் விரித்துவிட்டோம்.

அக்டோபர் 20, திங்கள்
கட்டிலுக்கு அடியில் அவளோடு நானும். நடுங்கிக்கொண்டே இருக்கிறாள். ஒண்ணுக்குப் போய்விட்டாள், பரவாயில்லை, துடைத்தாயிற்று. அம்மா அதிரசத்தை உள்ளே நீட்டிவிட்டுப் போனார்.

அக்டோபர் 22, புதன்
அப்பா அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, இட்லியைப் பிய்த்துப் பின்பக்கமாகப் போடுகிறார். தொடுவதில்லை, கூப்பிடுவதுமில்லை. கிட்டே வந்து சாப்பிட்டாள். ஒருமுறை அவர் சட்டையை முகர்ந்தாள். வால் அசைந்தது என்கிறார், நான் பார்க்கவில்லை.

அக்டோபர் 25, சனி
செவ்வாய்க்கிழமை எக்ஸ்ரே. அதுவரை மாடிப்படி ஏறவிடக் கூடாது, இன்று இரண்டு படி ஏறிவிட்டாள், பலகை வைத்து அடைக்க வேண்டும்.