பென்டிரைவில் ஒரு தபால்பெட்டி

சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதுவது என் வேலை. வாரத்துக்கு ஐந்து கடை, ஐந்து கணினி. பஸ்ஸில் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அலைய முடியாததால், பல வருடம் கடைக் கணினியின் பிரவுசரிலேயே மெயில் பார்த்துவந்தேன். ஒருநாள் லாக்அவுட் செய்ய மறந்துவிட்டேன். இன்னொரு கடைக்காரரின் பேங்க் ஸ்டேட்மென்ட் அதில் இருந்தது. மறுநாள் கடை திறக்கும் முன்பே போய் வாசலில் நின்றேன். யாரும் பார்த்திருக்கவில்லை, ஆனாலும் அன்று முழுக்க மனசு ஆறவில்லை.

அப்புறம்தான் தண்டர்பேர்ட் போர்ட்டபிள் என்ற மெயில் மென்பொருளுக்கு மாறினேன். போர்ட்டபிள்ஆப்ஸ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. கணினியில் நிறுவ வேண்டாம். பென்டிரைவில் போட்டு அங்கிருந்தே இயக்கலாம். மெயில் முகவரியைக் கொடுத்தால் பெரும்பாலும் அதுவே செட்டிங்ஸைக் கண்டுபிடித்துவிடும். நான் ஐமேப் (மெயில்கள் சர்வரிலேயே இருந்து எல்லாக் கருவியிலும் ஒரேபோலத் தெரியும் முறை) வைத்திருக்கிறேன், போர்ட் 993, எஸ்எஸ்எல் (போகும் வழியில் யாரும் படிக்காதபடி பூட்டும் முறை). வீட்டிலும் போனிலும் அதே மெயில்கள் தெரிய வேண்டுமே.

முதல் வேலையாக முதன்மைக் கடவுச்சொல் வைத்தேன். அது இல்லாவிட்டால் பென்டிரைவை எடுத்தவர் யாராக இருந்தாலும், சேமித்த பாஸ்வேர்டுகளை செட்டிங்ஸிலேயே பார்த்துவிடலாம். இனி பயமில்லை என்று சில மாதம் நிம்மதியாக இருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டேட்டா ஃபோல்டரைத் துழாவிக்கொண்டிருந்தபோது, இன்பாக்ஸ் என்ற கோப்பை நோட்பேடில் திறந்து பார்த்தேன். தமிழ் மெயில்கள் பல புரியாத எழுத்துக் குவியலாகத் தெரிந்தன. ஆங்கிலத்தில் வந்தவையோ வரிக்கு வரி அப்படியே இருந்தன. ஜிஎஸ்டி எண், பாக்கித் தொகை, எல்லாமே. எந்தக் கடவுச்சொல்லும் கேட்கவில்லை. முதன்மைக் கடவுச்சொல் பூட்டுவது பாஸ்வேர்டுகளை மட்டும்தான். டவுன்லோட் ஆன மெயில்களை அது தொடுவதே இல்லை. பென்டிரைவ் பஸ்ஸில் விழுந்தால் ஐந்து குடும்பங்களின் கணக்கு அடுத்தவர் கைக்குப் போயிருக்கும்.

அன்றைக்கே வெராகிரிப்ட் என்ற, கோப்புகளைக் கடவுச்சொல்லால் பூட்டும் மென்பொருளைப் போட்டேன். 16 ஜிபி பென்டிரைவை எக்ஸ்ஃபேட் என்ற ஃபார்மேட்டுக்கு மாற்றி (ஃபேட்32 ஃபார்மேட்டில் ஒரே கோப்பு 4 ஜிபிக்கு மேல் போகாது), அதில் 8 ஜிபிக்கு ஒரு பெட்டகக் கோப்பு உருவாக்கினேன். தண்டர்பேர்ட் முழுவதும் அதற்குள் இருக்கிறது. நீளமான கடவுச்சொல் கொடுத்தால் பெட்டகம் தனி டிரைவாகத் திறக்கும். அதோடு, கடைசி 30 நாள் மெயிலை மட்டும் இறக்கும்படி வைத்துவிட்டேன். பழையவை சர்வரிலேயே இருக்கட்டும்.

மெயிலோடு வரும் கோப்புகளை நேராகக் கிளிக் செய்து திறப்பதில்லை. அப்படித் திறந்தால் அந்தக் கணினியின் டெம்ப் ஃபோல்டரில் ஒரு பிரதி விழும். முதலில் பெட்டகத்துக்குள் சேமித்துவிட்டு அங்கிருந்து திறக்கிறேன்.

என் ஆடிட்டருக்கு அனுப்புபவற்றை ஓப்பன்பிஜிபியில் (உரிய டிஜிட்டல் சாவி இருப்பவர் மட்டும் திறக்கும்படி மெயிலைப் பூட்டும் முறை) பூட்டி அனுப்புகிறேன். 2020-இல் வந்த 78-ஆம் பதிப்பிலிருந்து தண்டர்பேர்டிலேயே அந்த வசதி இருக்கிறது. அவரும் சாவி உருவாக்க வேண்டும் என்பதால் அவர் அலுவலகத்தில் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து செய்து கொடுத்தேன். என் ரகசியச் சாவியின் பிரதி வீட்டு பீரோவில் தனிப் பென்டிரைவில் இருக்கிறது. சாவியே இல்லாமல் போனால் பூட்டிய மெயில்களை நானே படிக்க முடியாது.

வெராகிரிப்டை இப்படிக் கணினியில் நிறுவாமல் பென்டிரைவிலிருந்து இயக்க அட்மின் அனுமதி வேண்டும். மூன்று கடைகளில் உரிமையாளரிடம் கேட்டு அனுமதி வாங்கிவிட்டேன். மற்ற இரண்டிலும், பிரவுசிங் சென்டரிலும் பென்டிரைவைச் செருகுவதே இல்லை. தட்டும் எழுத்தையெல்லாம் பதிவுசெய்யும் நிரல் அந்தக் கணினியில் இருந்தால் எந்தப் பூட்டும் உதவாது. அங்கே மெயில் பார்க்க வேண்டியிருந்தால் வெளியே வந்து போனில் பார்க்கிறேன்.