மலேசியா, சுங்கை சிப்புட் ஆட்டுக்கொட்டகைக் குறிப்புகள்

2025 அக்டோபர் 5
நேற்று சாயங்காலம் கொட்டிய மழையில் செம்பனை (எண்ணெய்ப்பனை)த் தோட்டத்துப் பாதையெல்லாம் சேறு. காலையில் பசியாறிவிட்டுக் கொட்டகைக்குப் போனேன். ராமநாதபுரத்துத் தம்பி இன்னும் ஆடுகளைத் திறந்துவிடவில்லை. "புல்லு காயட்டும்ணே, பத்து மணிக்கு மேல விடலாம்" என்றார். இங்கே வருவதற்கு முன் சவுதியில் ஆடு மேய்த்தவர். அங்கே நேர்மாறு: விடிவதற்கு முன்பே ஓட்டிப் போய், வெயில் ஏறுவதற்குள் நிழலுக்குத் திரும்பிவிட வேண்டுமாம். கறுத்த உடம்பும் வெள்ளைத் தலையுமான நஜ்தி செம்மறிகள். தண்ணீர் லாரியில் வரும். லாரிச் சத்தம் தூரத்தில் கேட்டாலே மந்தை மொத்தமும் அந்தப் பக்கம் திரும்பிவிடும் என்றார்.

அக்டோபர் 8
சினாய், நெகேவ் பாலைவனங்களில் பெதுவின் அரபு மக்கள் வளர்க்கும் கறுப்பாட்டைப் பற்றிப் படித்ததைத் தம்பியிடம் சொன்னேன். இரண்டு முதல் நான்கு நாளுக்கு ஒருமுறைதான் அதற்குத் தண்ணீர் காட்டுகிறார்கள். அதற்குள் உடல் எடையில் கால் பங்குக்கும் மேல் வற்றிப்போகும். கிணற்றடிக்கு வந்ததும் இழந்த அத்தனையையும் சில நிமிடங்களில் குடித்துவிடும். அவ்வளவு தண்ணீரும் ஒரேயடியாக ரத்தத்தில் கலந்தால் சிவப்பணுக்கள் வெடித்துவிடும். இந்த ஆடு அதை முதல் இரைப்பையில் தேக்கி, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விடுகிறது. "கம்மாய் மடை மாதிரி" என்றார் தம்பி. இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது.

அக்டோபர் 11
போயர் கலப்புப் பெட்டை ஒன்று இரை எடுக்கவில்லை. கீழ் இமையை விரலால் இறக்கிப் பார்த்தேன். சிவந்திருக்க வேண்டிய உட்பக்கம் வெளுத்துக் கிடந்தது, தாடைக்கு அடியிலும் லேசான வீக்கம். ரத்தம் உறிஞ்சும் குடற்புழுதான். புழுக்கையோடு விழும் முட்டை இந்த ஈரச் சூட்டில் ஏறக்குறைய ஒரு வாரத்தில் பொரித்து வளர்ந்து, ஈரப் புல்லில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். வறண்ட மண்ணில் பெரும்பாலும் காய்ந்தே செத்துவிடும். போயர் தென்னாப்பிரிக்காவில் உருவான இனம். பெரிய உடம்புக்கு ஆசைப்பட்டு எல்லோரும் அதையே வாங்குகிறோம். என் கொட்டகையில் சின்ன உடம்புள்ள, இந்த ஊர் இனமான கச்சாங் ஆடுகள்தான் மழைக்காலத்தைத் தாக்குப்பிடிக்கின்றன. எடை போட்டு மருந்து கொடுத்தாயிற்று.

அக்டோபர் 15
இளஞ்செம்பனைக் குருத்துகளைக் காட்டுப்பன்றி தின்றுவிட்டது. ராத்திரி லைசென்ஸ் துப்பாக்கிக்காரர்கள் வந்து போனார்கள்.

ஆப்பிரிக்காவின் கலஹாரிப் பாலைவனத்தில் சான் பழங்குடி வேட்டைக்காரர்கள் குடு மானை நடுப்பகல் வெயிலில் ஓடியே பிடித்திருக்கிறார்கள். மனிதனுக்கு உடம்பெல்லாம் வியர்த்து, அது காய்வதால் ஓடும்போதே சூடு தணியும். மானோ மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்க வேண்டும், பாய்ந்து ஓடும்போது அதற்கு வழியில்லை. தடம் பார்த்து மணிக்கணக்கில் விடாமல் துரத்தினால், ஓரிடத்தில் அப்படியே நின்றுவிடும். நம் பக்கம் இது நடக்காது. இங்கே வியர்வை எங்கே காய்கிறது?

அந்த வேட்டையில் எனக்கு மரியாதை உண்டு. ஜீப்பில் துரத்திச் சுடுவதில் இல்லை. அரேபிய ஓரிக்ஸ் மான் அப்படித்தான் 1972இல் காட்டிலிருந்தே அழிந்தது. அடைப்பில் வளர்த்த மான்களை 1982இல் ஓமான் பாலைவனத்தில் திரும்ப விட்டார்கள்.

அக்டோபர் 18
நாளை மறுநாள் தீபாவளி. காலையிலிருந்து ஆடு கேட்டு வந்துகொண்டே இருக்கிறார்கள். அந்தப் பெட்டை இன்று தழை கடிக்கிறது, இமையிலும் கொஞ்சம் நிறம் திரும்பியிருக்கிறது. மருந்து கொடுத்த ஆட்டை யார் கேட்டாலும் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பண்டிகை முடிந்ததும் பரண் தரையில் உளுத்த பலகைகளை மாற்ற வேண்டும். புழுக்கை கீழே விழுந்து தரை காய்ந்திருந்தால்தான் குளம்பு அழுகாது. பலகைக்கு இன்றே சொல்லி வைத்துவிட்டேன்.